மார்பகப் புற்றுநோய் சிகிச்சையில் திட்டம் நடுவில் மாறுவது ஏன்? மாறினால் என்ன செய்வது?

"கட்டியை மட்டும் எடுத்துவிடலாம், அப்புறம் மூன்று வாரம் கதிர்வீச்சு, அவ்வளவுதான்" என்று மருத்துவர் சொல்லியிருப்பார். வீட்டில் எல்லோரும் அதற்கேற்ப மனதைத் தயார்செய்து, விடுப்புக்கு எழுதிக் கொடுத்து, நாள்களை எண்ணத் தொடங்கியிருப்பார்கள். ஆபரேஷன் முடிந்து சில நாளில் ரிப்போர்ட் வருகிறது. "கீமோவும் கொடுக்க வேண்டியிருக்கும்" என்கிறார் அதே மருத்துவர்.

முதன்முதலாகப் புற்றுநோய் என்று கேட்ட நாளைவிட இந்த நாள் அதிகமாக உலுக்கிவிட்டது என்று சொல்பவர்கள் உண்டு. உடனே மூன்று கேள்விகள் மனதில் எழும். நோய் முற்றிவிட்டதா? முதலில் தப்பாகச் சொல்லிவிட்டார்களா? எதையோ மறைக்கிறார்களா? பெரும்பாலான சமயங்களில் இந்த மூன்றுக்கும் பதில் 'இல்லை'தான். ஆனால் வெறும் ஆறுதலாகச் சொன்னால் அது மனதில் ஒட்டாது. திட்டம் எப்படிப் போடப்படுகிறது என்று தெரிந்தால்தான் அது ஏன் மாறுகிறது என்பது விளங்கும். (மார்பகப் புற்றுநோய் அரிதாக ஆண்களுக்கும் வரும். இங்கே சொல்வதில் பெரும்பகுதி அவர்களுக்கும் பொருந்தும்.)

## திட்டம் எதன் மேல் நிற்கிறது?

முதல் நாளில் மருத்துவர் கையில் இருப்பது முழுப் படம் கிடையாது. ஐந்து துண்டுகள் இருக்கும். சில துண்டுகள் இன்னும் வந்தே சேர்ந்திருக்காது.

1. ஸ்கேன் படங்கள். மேமோகிராம், அல்ட்ராசவுண்ட், சிலருக்கு எம்.ஆர்.ஐ. கட்டி எவ்வளவு பெரியது, எத்தனை இடத்தில் இருக்கிறது என்பதை இவை காட்டும். ஆனால் இவை நிழலை அளக்கின்றன. லோபுலர் வகைப் புற்று, அதாவது பால்சுரப்பிக் கதுப்புகளில் தொடங்கும் வகை, திரண்ட கட்டியாகச் சேராமல் வரிசை வரிசையாகப் பரவும். அதனால் மேமோகிராமில் உண்மையான அளவைவிடச் சின்னதாகத் தெரியலாம்.

2. பயாப்ஸி. ஊசி வழியாக எடுத்த சில மெல்லிய துணுக்குகள். கட்டியின் ஒரு மூலையை மட்டும் பார்த்து மொத்தக் கட்டியையும் ஊகிக்கிற வேலை இது.

3. ஏற்பிகள். வளரச் சொல்லும் சமிக்ஞையை வாங்கும் புரதங்கள் இவை. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற இரண்டு ஹார்மோன்களுக்கான ஏற்பிகள், ஹெர்-2 ஆகிய மூன்றும் புற்று அணுக்களில் இருக்கின்றனவா என்பது. எந்த மருந்து வேலை செய்யும் என்பதை இதுதான் தீர்மானிக்கிறது. மூன்றும் இல்லாவிட்டால் 'ட்ரிபிள் நெகட்டிவ்' என்கிறார்கள்.

4. அக்குள் நிணநீர்க் கணுக்கள். புற்று மார்பகத்தை விட்டு வெளியேறினால் பெரும்பாலும் முதலில் போய்ச் சேரும் இடம். கையால் தடவிப் பார்த்தாலும் ஸ்கேனில் பார்த்தாலும் மிகச் சிறிய படிவுகள் தெரியாது.

5. உடல்நிலை. இதயம், ஈரல், சிறுநீரகம், ரத்த அணுக்கள், வயது, மாதவிடாய் நின்றுவிட்டதா என்பது எல்லாம் இதில் அடங்கும்.

இந்தத் துண்டுகளை வைத்து ஆபரேஷனுக்கு முன்னால் சொல்லும் நிலை, மருத்துவமனை மதிப்பீட்டு நிலை. ஆபரேஷனில் எடுத்த திசுவை ஆய்வகத்தில் மெல்லிய சீவல்களாக வெட்டி, நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்வது திசு ஆய்வு நிலை. ரிப்போர்ட்டில் முன்னதற்கு 'சி' என்றும் பின்னதற்கு 'பி' என்றும் ஒரு சின்ன எழுத்து முன்னால் நிற்கும். இரண்டும் வேறுபட்டால் நோய் இரண்டு வாரத்தில் வளர்ந்துவிட்டது என்று நினைத்துப் பதறுகிறார்கள். நோய் அன்றைக்கும் அவ்வளவுதான் இருந்தது, இப்போதுதான் கண்ணுக்குத் தெரிகிறது.

## மாற்றம் எங்கிருந்து வருகிறது?

### ஆபரேஷனுக்குப் பின் வரும் ரிப்போர்ட்

எதிர்பாராத திருப்பங்கள் அதிகமாக வருவது இங்கிருந்துதான். எல்லாவற்றுக்கும் ஒரே கனம் இல்லை.

விளிம்பு. கட்டியை எடுக்கும்போது சுற்றியுள்ள நல்ல திசுவையும் கொஞ்சம் சேர்த்து எடுப்பார்கள். வெட்டிய பரப்பு முழுவதும் மை பூசி ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். பால் நாளச் சுவரைத் தாண்டிப் பரவும் வகைப் புற்றில், மை பட்ட இடத்தில் புற்று அணு இல்லையென்றால் விளிம்பு சுத்தம் என்பது 2014 முதல் பரவலாக ஏற்கப்பட்ட வரையறை. மையில் அணு இருந்தால் மறுபடி ஒரு ஆபரேஷன். மார்பகத்தைக் காப்பாற்றும் அறுவை செய்துகொள்பவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இப்படி இரண்டாவது அறுவை தேவைப்படுகிறது. அறுவை மருத்துவரின் கைத்திறன் குறைவு என்று இதற்கு அர்த்தமில்லை. புற்றின் ஓரம் வெறும் கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் காரணம்.

நாளத்துக்குள் இருந்தது வெளியே வந்திருப்பது. பயாப்ஸியில் 'டி.சி.ஐ.எஸ்' என்று வந்திருக்கும். பால் நாளத்தின் சுவருக்குள்ளேயே அடங்கிய ஆரம்ப நிலை அது. முழுக் கட்டியையும் பார்த்தால் ஒரு மூலையில் சுவரைத் தாண்டியிருக்கும். ஊசி பயாப்ஸியில் டி.சி.ஐ.எஸ் என்று வந்தவர்களில் சுமார் நாலில் ஒருவருக்கு இப்படித் தெரியவருகிறது. அப்போது அக்குள் கணுவைப் பார்ப்பது, மருந்து பற்றி யோசிப்பது எல்லாம் புதிதாகச் சேரும்.

கணுக்களில் புற்று. புற்று முதலில் எட்டக்கூடிய ஒன்றிரண்டு கணுக்களை மட்டும் சாயம் அல்லது கதிரியக்கக் குறிப்பான் வைத்துக் கண்டுபிடித்து எடுத்துப் பார்ப்பது 'சென்டினல்' சோதனை. அதில் புற்று தெரிந்தால் அக்குளை முழுக்கச் சுத்தம் செய்தாக வேண்டும் என்பதுதான் பல காலம் இருந்த வழக்கம். சிறிய கட்டி, மார்பகம் காக்கும் அறுவை, கூடவே கதிர்வீச்சு என்று இருந்தால், ஒன்று அல்லது இரண்டு கணுக்களில் புற்று இருந்தாலும் மீதியை எடுக்காமல் விடலாம் என்று இசட்-0011 என்ற ஆய்வு காட்டியது. அதன் 10 ஆண்டு முடிவு 2017இல் வந்தது. எடுத்தவர்களைவிட எடுக்காதவர்களின் ஆயுள் குறையவில்லை. ஆகவே "கணுவில் இருக்கிறது, ஆனால் இன்னொரு ஆபரேஷன் வேண்டாம்" என்று மருத்துவர் சொன்னால் அது அலட்சியம் இல்லை. நாலு அல்லது அதற்கு மேற்பட்ட கணுக்களில் இருந்தால் கதை வேறு. மார்பகத்தை முழுக்க எடுத்திருந்தாலும் கதிர்வீச்சு சேரும்.

ஏற்பி முடிவு மாறுவது. ஹெர்-2 சோதனை 0, 1+, 2+, 3+ என்று வரும். 3+ என்றால் பாசிட்டிவ். 2+ என்றால் 'தெரியவில்லை' என்று பொருள். 'ஃபிஷ்' என்ற மரபணுச் சோதனை செய்துதான் முடிவு சொல்ல முடியும், அதற்குக் கூடுதல் நாள்கள் ஆகும். அந்த இடைவெளியில் சொன்ன திட்டம், ஃபிஷ் வந்ததும் மாறும். பாசிட்டிவ் என்று வந்தால், ஹெர்-2ஐக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் என்ற மருந்து ஒரு வருடம் சேரும். கேட்கும்போது சிகிச்சை கூடியதாகத்தான் தோன்றும். ஆனால் 1998இல் அந்த மருந்து வருவதற்கு முன் ஹெர்-2 பாசிட்டிவ் என்பது அஞ்சத்தக்க செய்தி. இன்று குறிபார்த்து அடிக்க ஒரு இலக்கு கிடைத்துவிட்டது என்றே மருத்துவர்கள் அதை எடுத்துக்கொள்கிறார்கள்.

### மரபணுச் சோதனைகள்

இரண்டு வேறு சோதனைகளை இங்கே குழப்பிக்கொள்கிறார்கள்.

முதலாவது, கட்டியின் மரபணுக்களைப் பார்ப்பது. 21 மரபணுக்களைப் பார்க்கும் ஆன்கோடைப் டிஎக்ஸ், 70 மரபணுக்களைப் பார்க்கும் மேமாபிரிண்ட் ஆகியவை இந்த வகை. ஹார்மோன் ஏற்பி உள்ள, ஹெர்-2 இல்லாத புற்றில் கீமோ கொடுத்தால் பலன் உண்டா என்று இவை சொல்லும். 2018இல் வெளியான டெய்லர்எக்ஸ் ஆய்வில் சுமார் 10,000 பெண்கள் சேர்ந்திருந்தார்கள். கணுவில் புற்று இல்லாமல், ஆன்கோடைப் மதிப்பெண் 25 வரை இருக்கும் 50 வயதைத் தாண்டிய பெண்களுக்கு, ஹார்மோன் மாத்திரையோடு கீமோவைச் சேர்ப்பதால் கூடுதல் பலன் இல்லை என்று அது காட்டியது. 50 வயதுக்கு உட்பட்டவர்களில் மதிப்பெண் 16ஐத் தொட்டால் கொஞ்சம் பலன் தெரிந்தது. அதனால்தான் ஒரே மதிப்பெண்ணுக்கு அம்மாவுக்கு ஒரு திட்டமும் மகளுக்கு வேறு திட்டமும் வரலாம்.

இரண்டாவது, பிறப்பிலேயே உடலில் உள்ள மரபணு மாற்றம். பி.ஆர்.சி.ஏ-1 என்ற மரபணு 1994இலும் பி.ஆர்.சி.ஏ-2 என்ற மரபணு 1995இலும் கண்டறியப்பட்டன. இவற்றில் கேடு உள்ள பெண்களில் 80 வயதுக்குள் மார்பகப் புற்று வரும் வாய்ப்பு ஏறத்தாழ 70 சதவீதம் என்று 2017இல் வெளியான பெரிய ஆய்வு கணித்தது. இந்த முடிவு வர வாரங்கள் ஆகும். 'கட்டியை மட்டும்' என்று இருந்த திட்டம் 'இரண்டு மார்பகத்தையும் எடுப்பது பற்றி யோசியுங்கள்' என்று மாறுவது பலமுறை இதனால்தான். சினைப்பையிலும் புற்று வரும் அபாயம் கூடுவதால் அவற்றைப் பற்றிய பேச்சும் கூடவே வரும். இதில் 'யோசியுங்கள்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். இது அவசர முடிவு இல்லை. முதலில் இருக்கிற புற்றுக்கு வைத்தியம் பார்த்துவிட்டு, மற்றதைப் பிறகு முடிவு செய்ய இடமுண்டு.

### முதலில் கொடுத்த மருந்துக்குக் கட்டி காட்டிய பதில்

இப்போது பலருக்குக் கீமோவை முதலிலும் ஆபரேஷனைப் பின்னாலும் வைக்கிறார்கள். கட்டியைச் சுருக்குவது ஒரு நோக்கம். மருந்து வேலை செய்கிறதா என்று கண்ணால் பார்ப்பது இன்னொன்று. ஆபரேஷனில் எடுத்த திசுவில் புற்று மிச்சம் இருந்தால், "இவ்வளவு கஷ்டப்பட்டும் போகவில்லையே" என்று மனம் உடைந்துவிடும். ஆனால் அந்த மிச்சம்தான் அடுத்த மருந்தைத் தேர்ந்தெடுக்க உதவும் தகவல். ஹெர்-2 பாசிட்டிவ் புற்றில் மிச்சம் இருந்தவர்களுக்கு டிராஸ்டுசுமாபையே தொடராமல் டி-டிஎம்1 என்ற மருந்துக்கு மாற்றியபோது, மூன்றாண்டுக்குப் பின் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 77 சதவீதத்திலிருந்து 88 சதவீதமாக உயர்ந்தார்கள். கேத்தரின் என்ற அந்த ஆய்வு 2018 டிசம்பரில் வெளியானது. ட்ரிபிள் நெகட்டிவில் மிச்சம் இருந்தால் கேப்சிடபைன் மாத்திரை தரலாம். பி.ஆர்.சி.ஏ மாற்றம் உள்ள, திரும்பும் அபாயம் அதிகமானவர்களுக்கு ஓலபாரிப் மாத்திரை. இதெல்லாம் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வந்த வழிகள்.

### உடல் சொல்லும் பதில்

கீமோ போட்டு ஒன்று முதல் இரண்டு வாரத்தில் வெள்ளை அணுக்கள் தாழ்ந்த அளவுக்குப் போகும். அடுத்த தவணைக்குள் ஏறாவிட்டால் மருந்தைத் தள்ளிவைப்பார்கள், அல்லது அணுக்களை ஊக்குவிக்கும் ஊசி போடுவார்கள். ஒரு வாரம் தள்ளிப்போவதால் சிகிச்சை வீணாகாது. மொத்தத்தில் திட்டமிட்ட அளவில் 85 சதவீதமாவது போய்ச் சேர வேண்டும் என்பது மருத்துவர்கள் வெகுகாலமாகக் கைக்கொள்ளும் கணக்கு.

பாக்ளிடாக்சல் என்ற கீமோ மருந்தால் விரல்கள் மரத்துப்போனால் அளவைக் குறைப்பார்கள் அல்லது வேறு மருந்துக்குப் போவார்கள். இங்கே நோயாளிகள் ஒரு தவறு செய்கிறார்கள். மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்று பயந்து, மரத்துப்போவதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். பொத்தான் போட முடியாத அளவுக்குப் போனபின் நிறுத்தினால், நரம்பு முழுக்கத் திரும்பாமலே போகலாம். முதல் கூச்சத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

டிராஸ்டுசுமாப் எடுப்பவர்களுக்குச் சுமார் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எக்கோ எடுப்பார்கள். இதயம் ரத்தத்தைத் தள்ளும் அளவு குறைந்தால் மருந்து சில வாரம் நிற்கும். பெரும்பாலோருக்கு இதயம் மீண்டுவிடும், மருந்தைத் தொடரவும் முடியும்.

### வெளிக் காரணங்கள்

2020இல் கொரோனா காலத்தில் ஆபரேஷன்கள் தள்ளிப்போயின. ஹார்மோன் ஏற்பி உள்ளவர்களுக்கு மாத்திரையை முதலில் கொடுத்து இடைவெளியைச் சமாளித்தார்கள். 2023இல் அமெரிக்காவில் கார்போபிளாட்டின், சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்துகளுக்குத் தட்டுப்பாடு வந்தது. இப்படிப்பட்ட மாற்றத்துக்கும் உங்கள் நோய்க்கும் சம்பந்தமில்லை. ஆனால் காரணம் இதுதான் என்று வெளிப்படையாகச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

## சிகிச்சை குறைந்தால் ஏன் பயம் வருகிறது?

கூடினால் பயம் வருவது புரிகிறது. குறைந்தாலும் வருகிறது. இதை மருத்துவமனைகளில் யாரும் அதிகம் பேசுவதில்லை.

முடி கொட்டும் என்று மனதைத் தேற்றி, தலைத்துணி வரை வாங்கி வைத்த ஒருவரிடம், "மதிப்பெண் குறைவாக வந்திருக்கிறது, கீமோ வேண்டாம்" என்கிறார்கள். சுற்றியிருப்பவர்கள் கொண்டாடுகிறார்கள். அவருக்கோ, செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டுவிட்டோமோ என்ற சந்தேகம் இரவில் வருகிறது. அதிகமாகச் செய்தால் அதிகப் பாதுகாப்பு என்று நாம் நம்பிப் பழகிவிட்டோம்.

மார்பகப் புற்றின் வரலாறே இந்த நம்பிக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைத்த வரலாறு. ஒரு காலத்தில் மார்பகத்தோடு மார்புத் தசைகளையும் சேர்த்து எடுத்தார்கள். அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷரும் இத்தாலியில் உம்பர்டோ வெரோனேசியும் நடத்திய ஆய்வுகளின் இருபதாண்டு முடிவுகள் 2002இல் வெளியாயின. கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தவர்களும், மார்பகத்தை இழந்தவர்களும் ஒரே அளவு காலம் வாழ்ந்தார்கள். கதிர்வீச்சும் அப்படித்தான் குறைந்துகொண்டே வருகிறது. ஐந்து வாரம், 25 தவணை என்பது மூன்று வாரம், 15 தவணை ஆனது. 2020இல் வெளியான ஃபாஸ்ட்-ஃபார்வர்ட் ஆய்வில், ஒரே வாரத்தில் 5 தவணையாகக் கொடுத்ததும் 15 தவணைக்குச் சளைக்கவில்லை.

ஆகவே குறைத்தால், "எந்தச் சோதனையை நம்பிக் குறைக்கிறீர்கள், என் வயதிலும் என் நிலையிலும் உள்ளவர்களை வைத்து அது சோதிக்கப்பட்டதா?" என்று கேளுங்கள். பதில் தெளிவாக இருந்தால் பயத்தின் பாதிப் பிடி அங்கேயே தளர்ந்துவிடும்.

## ஒரு மாற்றம் இழுத்துவரும் மற்றவை

மருத்துவர் ஒரு மாற்றத்தைச் சொல்வார். அதன் பின்னால் இன்னும் சில மாற்றங்கள் வரிசையில் நிற்கும். இவற்றை முன்கூட்டியே கேட்டு வைத்தால் இரண்டாவது அதிர்ச்சி தவிரும்.

1. கீமோ புதிதாகச் சேர்ந்தால்: குழந்தை பெறும் எண்ணம் உள்ளவர்கள் அன்றைக்கே கேட்க வேண்டும். சினைமுட்டையைச் சேமிக்கச் சுமார் இரண்டு வாரம் போதும், ஆனால் அது கீமோ தொடங்கும் முன் நடக்க வேண்டும். இந்தக் கதவு திறந்திருக்கும் நேரம் குறைவு. மருத்துவர் மறந்தாலும் நீங்கள் மறக்காதீர்கள்.

2. கதிர்வீச்சு புதிதாகச் சேர்ந்தால்: மார்பகத்தைச் சீரமைக்கும் திட்டம் மாறும். கதிர் பட்ட இடத்தில் வைத்த சிலிகான் உறையைச் சுற்றித் தழும்பு இறுகும் வாய்ப்பு அதிகம். அதனால் சீரமைப்பைத் தள்ளிவைக்கவோ, உடலின் சொந்தத் திசுவை வைத்துச் செய்யவோ சொல்லலாம்.

3. மார்பகம் முழுவதையும் எடுப்பதாக மாறினால்: கதிர்வீச்சு சிலருக்குத் தேவைப்படாமலே போகலாம். தேவையா இல்லையா என்பதை ஆபரேஷன் ரிப்போர்ட் வந்த பிறகே உறுதியாகச் சொல்வார்கள் என்பதையும் எதிர்பார்த்திருங்கள்.

4. ஹார்மோன் மாத்திரை மாறினால்: மூட்டுவலிக்காக ஒரு அரோமட்டேஸ் தடுப்பானிலிருந்து (உடலில் ஈஸ்ட்ரோஜன் உருவாவதைக் குறைக்கும் மாத்திரை) இன்னொன்றுக்கோ டாமோக்சிஃபெனுக்கோ (புற்று அணுவில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியை அடைக்கும் மாத்திரை) மாற்றுவது சாதாரணம். பக்க விளைவுகள் மட்டும் வேறு. முன்னதில் எலும்புத் தேய்மானம், பின்னதில் ரத்தக்கட்டும் கருப்பை உட்சுவர்ப் பிரச்சினையும்.

ஒரு மாற்றம் மட்டும் இவை எல்லாவற்றிலிருந்தும் தனி. ஸ்கேனில் எலும்பு, ஈரல், நுரையீரல் என்று தூர உறுப்புகளில் பரவியிருப்பது தெரியவந்தால், சிகிச்சையின் நோக்கமே மாறுகிறது. முற்றிலும் அகற்றுவது என்பதிலிருந்து, நீண்ட காலம் கட்டுக்குள் வைப்பது என்று. ஆபரேஷன் ரத்தாவது "கைவிட்டுவிட்டார்கள்" என்று தோன்றும். மார்பகத்தில் உள்ளதை எடுப்பதால் மற்ற இடத்தில் உள்ளது போகாது, உடல் முழுக்கச் சுற்றும் மருந்துதான் முதலில் தேவை என்பதே காரணம். பரவிய இடத்திலிருந்தும் முடிந்தால் பயாப்ஸி எடுப்பார்கள், ஏனென்றால் ஏற்பிகள் அங்கே வேறாக இருக்கக்கூடும். இது கடினமான செய்தி. இதைச் சின்னதாக்கிச் சொல்வது யாருக்கும் உதவாது. ஆனால் பல ஆண்டுகள் மருந்தோடு வேலை பார்த்து, பிள்ளைகளை வளர்த்து வாழ்பவர்கள் இருக்கிறார்கள் என்பதும் உண்மை.

## யோசிக்க எவ்வளவு நேரம் இருக்கிறது?

திட்டம் மாறியதும் ஒவ்வொரு மணிநேரமும் புற்று வளர்வதுபோல் தோன்றும். மார்பகப் புற்றில் நாள்கணக்கில் தலைகீழாகும் அவசரம் அநேகமாக இல்லை. ஆபரேஷனுக்குப் பின் கீமோ தொடங்க 90 நாளைத் தாண்டியவர்களுக்குப் பலன் குறைந்தது என்றும், ட்ரிபிள் நெகட்டிவில் அந்த இழப்பு கூடுதல் என்றும் 2016இல் வந்த பெரிய ஆய்வு ஒன்று காட்டியது. நடைமுறையில் நாலிலிருந்து ஆறு வாரத்துக்குள் தொடங்கப் பார்க்கிறார்கள். அதாவது மறு கருத்துக் கேட்கவும், ஒரு சோதனை முடிவுக்குக் காத்திருக்கவும், நன்றாகத் தூங்கி எழுந்து முடிவெடுக்கவும் ஒன்றிரண்டு வாரம் இருக்கிறது. மாதக்கணக்கில் தள்ளத்தான் இடமில்லை.

காத்திருக்கக் கூடாத சில உண்டு. கீமோ நடக்கும்போது 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல், மூச்சுத்திணறல், திடீரென ஒரு கால் வீங்குவது, கடும் முதுகுவலியோடு கால் பலவீனம். இவற்றுக்கு அன்றே, இரவானாலும், மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

## கேட்க வேண்டிய முதல் கேள்வி

"ஏன் மாற்றினீர்கள்?" என்று கேட்டால் பெரும்பாலும் "இதுதான் நல்லது" என்று பதில் வரும். அதற்குப் பதிலாக இப்படிக் கேளுங்கள்: "போன முறை நாம் பேசியதற்குப் பிறகு புதிதாக என்ன தெரியவந்தது?"

பதிலில் ஒரு ரிப்போர்ட், ஒரு எண், ஒரு ஸ்கேன், உடலில் ஒரு மாறுதல் என்று கைகாட்டக்கூடிய ஏதோ ஒன்று இருக்க வேண்டும். இருந்தால் மாற்றம் அதன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். புதுத் தகவல் எதுவும் இல்லாமலே திட்டம் மாறியிருந்தால்? ஒருவேளை பல துறை மருத்துவர்கள் கூடிப் பேசி அதே தகவலை வேறுவிதமாக எடைபோட்டிருக்கலாம். அது நல்லதே. அதுவும் இல்லை, வேறு மருத்துவர் வந்தார், வேறு சொன்னார் என்றால், மறு கருத்துக்குப் போக இதைவிடச் சரியான நேரம் கிடையாது. மறு கருத்து என்பது ஃபைலைக் காட்டுவது மட்டும் இல்லை. திசுச் சீவல்களையே வாங்கி இன்னொரு ஆய்வகத்தில் பார்க்கச் சொல்லலாம்.

அதன் பிறகு கேட்க வேண்டியவை:

1. இந்த மாற்றத்தால் எனக்குக் கிடைக்கும் பலன் எவ்வளவு? "பாதியாகக் குறையும்" என்றால், நூறு பேரில் எத்தனை பேருக்கு? நாலிலிருந்து இரண்டாவதும் பாதிதான், நாற்பதிலிருந்து இருபதாவதும் பாதிதான்.
2. பழைய திட்டத்திலேயே நின்றால் என்ன ஆகும்?
3. இன்னும் வர வேண்டிய ரிப்போர்ட் எது? அது வந்தால் மறுபடியும் மாறுமா?
4. எந்த நாளுக்குள் நான் பதில் சொல்ல வேண்டும்?

மூன்றாவதைத் தவறவிடாதீர்கள். எதிர்பார்த்து வந்த மாற்றம், எதிர்பாராமல் வந்ததைப்போல அடிக்காது.

அதிர்ச்சியில் இருக்கும்போது காதில் விழுவதில் பெரும்பகுதி மனதில் தங்காது. அனுமதி கேட்டு ஃபோனில் பதிவு செய்துகொள்ளுங்கள், அல்லது கூட வருபவர் எழுதட்டும். இரண்டு மூன்று நாள் கழித்து ஒரு சின்ன சந்திப்பையோ ஃபோன் பேச்சையோ அப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். உண்மையான கேள்விகள் அந்த இடைவெளியில்தான் வரும்.

## மனதுக்கு என்ன நடக்கிறது?

சிகிச்சைத் திட்டம் ஒரு மருத்துவக் குறிப்பு மட்டும் கிடையாது. அதில் ஒரு கடைசி நாள் இருக்கிறது. எட்டில் ஐந்து முடிந்தது, இன்னும் மூன்றுதான் என்று எண்ணித்தான் பலர் ஒவ்வொரு தவணையையும் கடக்கிறார்கள். திட்டம் மாறும்போது முதலில் உடைவது அந்தக் கடைசி நாள். அதற்காக அழுவது பலவீனம் இல்லை. போனது நிஜமாகவே பெரிய ஒன்று.

நடைமுறையில் உதவுவது, எண்ணும் தூரத்தைச் சுருக்குவது. முழுப் பாதையையும் மறுபடி எண்ணாமல், அடுத்து முடிவெடுக்கும் புள்ளி வரை மட்டும் பாருங்கள்: அடுத்த ரிப்போர்ட், அடுத்த எக்கோ, நாலாவது தவணைக்குப் பின் வரும் ஸ்கேன். காலண்டரில் அந்த நாளை மட்டும் குறித்து, அதற்கு அப்பால் உள்ளதைப் பென்சிலில் எழுதுங்கள்.

குற்ற உணர்வு இன்னொரு பாரம். முன்பே வந்திருக்கலாமோ, அதைச் சாப்பிட்டதாலோ, கவலைப்பட்டதாலோ என்று தேடிக்கொண்டே இருக்கும் மனம். மை பட்ட விளிம்பில் புற்று அணு இருந்ததற்கும், ஹெர்-2 2+ என்று வந்ததற்கும் நீங்கள் செய்ததோ செய்யாததோ காரணம் இல்லை. இதை ஒருமுறை சொன்னால் போதாது, பலமுறை சொல்ல வேண்டியிருக்கும்.

கலக்கத்தை அளக்க, புற்றுநோய் மருத்துவமனைகளில் 0 முதல் 10 வரை ஒரு எளிய அளவுகோலைக் காட்டுகிறார்கள். 4 அல்லது அதற்கு மேல் என்றால் மனநல உதவி தேவையா என்று பார்க்கிறார்கள். வீட்டிலும் வாரம் ஒருமுறை உங்களையே கேட்டுக்கொள்ளலாம். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, எதிலும் நாட்டமில்லை, மருந்துக்குப் போகவே மனமில்லை என்றால் அதையும் ஒரு பக்க விளைவாக எண்ணி மருத்துவரிடம் சொல்லுங்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்காமல் அன்றே சொல்ல வேண்டும். மருந்து தேவைப்பட்டால், டாமோக்சிஃபென் எடுப்பதை மனநல மருத்துவருக்குத் தெரியப்படுத்துவது அவசியம். பராக்சிடின், ஃப்ளுவாக்சிடின் போன்ற சில மனச்சோர்வு மருந்துகள் டாமோக்சிஃபென் உடலில் செயல்வடிவம் பெறுவதைத் தடுக்கும். அவற்றுக்கு மாற்று மருந்துகள் இருக்கின்றன.

## கூட இருப்பவர்களுக்கு

"ஒன்றும் ஆகாது" என்ற சொல் இந்த நாளில் வேலை செய்யாது, ஏனென்றால் ஏதோ ஒன்று இப்போதுதான் ஆகியிருக்கிறது. "அன்றைக்கே வேறு டாக்டரிடம் போயிருக்கலாம்" என்பது அதைவிட மோசம்.

செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. எல்லா ரிப்போர்ட்டையும் தேதி வாரியாக ஒரே ஃபைலில் அடுக்குங்கள். விசாரிக்கும் உறவினர்களுக்குப் புதுத் திட்டத்தை ஒரே ஆள் சொல்லட்டும். அதே கதையை இருபது முறை சொல்லும் வேலை நோயாளியின் தலையில் விழக்கூடாது. பிள்ளைகளிடம் மாற்றத்தை மறைக்க வேண்டாம். "அம்மாவுக்கு இன்னும் கொஞ்ச நாள் மருந்து வேண்டுமாம், ஏன் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்" என்ற அளவுக்குச் சொன்னால் போதும். வீட்டின் முகத்தைப் பார்த்து அவர்கள் ஏற்கெனவே ஏதோ நடந்திருக்கிறது என்று கண்டுபிடித்திருப்பார்கள்.

நோயாளி ஒரு முடிவும் சொல்லாமல் இரண்டு நாள் பேசாமல் இருந்தால், அந்த மௌனத்தைக் கேள்விகளால் நிரப்பாதீர்கள். அடுத்த சந்திப்புக்கு எப்போது கிளம்ப வேண்டும், எந்த ஃபைலை எடுக்க வேண்டும் என்று மட்டும் பேசிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.